உணர்விழந்த காலில் எரிச்சல் ஏன்?

காலில் முள் தைத்தால் வலிக்கிறது. முள்ளை எடுத்துவிட்டால் வலி தணிகிறது. நோவு எங்கே தோன்றுகிறதோ அங்கேயே அதன் காரணமும் இருக்க வேண்டும் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது இத்தகைய அன்றாட அனுபவத்தினால்தான். ஆனால், முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு அனைத்தையும் இழந்துவிட்ட ஒருவர், நள்ளிரவில் விழித்துக்கொண்டு, தம் பாதங்கள் நெருப்பில் வைத்தாற்போல் எரிகின்றன என்று கூறினால் அதை நாம் என்னவென்று கொள்வது? அதே பாதத்தில் ஊசியால் குத்தினால் அவருக்குத் தெரிவதில்லை. கொதிநீர் பட்டாலும் தெரிவதில்லை. தொட்டால் தெரியாத இடம் தொடாமலே எரிகிறது!

அருகிலிருப்போர் இதை நம்ப மறுப்பது இயற்கையே. மனப்பிரமை என்பர் சிலர். கவலையால் வந்த கோளாறு என்பர் வேறு சிலர். மருத்துவர்களுள்ளும் நெடுங்காலம் இவ்வாறு கருதியோர் உண்டு. நோயாளியோ, தாம் சொல்வதை எவரும் ஏற்கவில்லை என்று கண்டு, நாளடைவில் சொல்வதையே நிறுத்திவிடுகிறார். இந்த மௌனம்தான் நோவினும் கொடியது என்போம். ஏனெனில், இவ்வேதனை மெய்யானது. அதன் இருப்பிடம் காலன்று, நரம்பு மண்டலம். முற்றிலும் போக்க இயலாவிடினும் பலருக்கு இதைக் குறைக்க முடியும். கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளின் ஆராய்ச்சி நமக்குத் தெளிவாக்கியிருப்பது இதுவே.

பிழைப்பை நாடி மும்பைக்கும் பெங்களூருக்கும் டில்லிக்கும் வந்து வாழும் நம்மவருள் கட்டட வேலை செய்வோரும் வண்டி ஓட்டுவோரும் பலர். உயரமான சாரத்திலிருந்து விழுவதும் சாலை விபத்தும் தண்டுவடக் காயத்தின் தலையாய காரணங்கள். ஆகவே இது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

இப்பிரச்சினை மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்ததே சற்றுப் பிந்தித்தான். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு, தண்டுவடம் அறுந்தவர்கள் நெடுநாள் உயிர் வாழ்ந்ததில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களைச் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ கொண்டுபோய்விடும். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்திருந்த லுட்விக் குட்மன் என்னும் நரம்பியல் மருத்துவர், இரவும் பகலும் நோயாளிகளை முறை வைத்துப் புரட்டிப் படுக்க வைத்தும், சிறுநீர்ப்பையைக் காத்தும், தொழிலும் விளையாட்டும் பயிற்றியும், அவர்கள் பல்லாண்டு வாழலாம் என்று காட்டினார். நம் நாட்டில், 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியால் வேலூரில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. டில்லியிலுள்ள இந்திய முதுகெலும்புக் காய மையத்தை நிறுவியவர், 1965-ல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டி, அவ்வாண்டுப் போரிலேயே முதுகெலும்பில் குண்டடி பட்ட மேஜர் அலுவாலியா. உயிர் நிலைத்தது, ஆயுள் நீண்டது. அதன் பிறகே, அவ்வாயுளை வாட்டும் இந்நோவு என்ன என்ற வினா எழுந்தது.

விடை காண்பதற்கு முன், சாதாரண வலி எவ்வழியே செல்கிறது என்று அறிவோம். தோலிலும் தசையிலும் உள்ள நரம்பு முனைகள் காயத்தை உணர்ந்து, செய்தியைத் தண்டுவடத்துக்கு அனுப்புகின்றன. அங்கே அச்செய்தி வேறொரு நரம்புக்குக் கைமாறி, மூளையின் உட்புறத்திலுள்ள தலாமஸ் என்னும் பகுதியை எட்டி, அதன் பின்னர் மூளையின் மேற்பரப்பில் வலியாக உணரப்படுகிறது. இந்தக் கைமாறும் இடம் வெறும் அஞ்சல் பெட்டியன்று. வருகின்ற செய்தியைப் பெருக்கவும் குறைக்கவும் வல்ல ஒரு வாயில் அங்கே இருக்கிறது என்று 1965-ல் ரானல்ட் மெல்சாக், பாட்ரிக் வால் ஆகிய இரு அறிஞர்கள் கூறினர். அவர்கள் வரைந்து காட்டிய படத்தின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தம் பெற்றன. ஆயினும் அடிப்படைக் கருத்து நிலைத்தது. நோவு என்பது காயத்தின் அளவைக் காட்டும் தராசு அன்று. அதை நரம்பு மண்டலமே கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

இனி, தண்டுவடம் நசுங்கினால் நேர்வது யாது? செய்தியை அடக்கிவைக்கும் சிறு நரம்பணுக்கள் பல அங்கே மடிகின்றன. எஞ்சிய நரம்பணுக்களின் சவ்வில் சோடியம் புகும் துவாரங்கள் மிகுந்து, அவை தூண்டுவார் இல்லாமலே துடிக்கத் தொடங்குகின்றன. நரம்பணுக்களைச் சுற்றிக் காவல் புரியும் துணையணுக்கள், காயம் ஆறிய பின்பும் அமைதி கொள்ளாமல் எரிச்சலூட்டும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. மேலே தலாமஸும், கீழிருந்து வரவேண்டிய செய்தி வராமையால், தானே அலைபாய்கிறது. மூளையின் மேற்பரப்பில் காலுக்கென ஒதுக்கப்பட்ட இடமும் இடம் பெயர்கிறது. அவ்வாறு பெயரும் அளவும் வலியின் அளவும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆராய்ச்சி காட்டியது.

வானொலி நேயர்களுக்கு ஓர் உவமை சொல்வோம். நிலையம் ஒலிபரப்பை நிறுத்திய பின் பெட்டியை அணைக்காமல் விட்டால் என்ன கேட்கிறது? மௌனமன்று, இரைச்சல். வரும் அலை மெலிய மெலியப் பெட்டி தன் பெருக்கும் ஆற்றலைத் தானே கூட்டிக்கொள்ளுகிறது. கேட்க ஒன்றும் இல்லாதபோது தன் உள்ளேயுள்ள சலசலப்பையே பெரிதாக்கித் தருகிறது. காலிலிருந்து செய்தி நின்றுபோன மூளையும் தண்டுவடமும் ஏறக்குறைய இவ்வாறே நடந்துகொள்கின்றன.

இதற்கு வலுவான சான்று ஒன்று 1978-ல் வந்தது. மெல்சாக்கும் ஜான் லோசர் என்பாரும், தண்டுவடத்தின் ஒரு பகுதியையே அறுத்து நீக்கியும் வலி தீராத நோயாளிகளைப் பற்றி எழுதினர். காலுக்கும் மூளைக்கும் இடையே பாலமே இல்லை. எனினும் கால் வலித்தது. எனவே வலியைப் பிறப்பிக்கும் இடம் வெட்டுக்கு மேலேயும் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் முடிவு. மனப்பிரமை என்ற பேச்சுக்கு அன்றோடு இடமில்லாமற் போயிருக்க வேண்டும். போகவில்லை என்பதே வருத்தம்.

தண்டுவடக் காயமுற்றவருக்கு வரும் எல்லா வலியும் இவ்வகையினது அன்று. சக்கர நாற்காலியைத் தள்ளித் தள்ளித் தேய்ந்த தோள் வலிப்பதும், மலச்சிக்கலால் வயிறு நோவதும் வேறு; அவற்றுக்கு மருத்துவமும் வேறு. 2012-ல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி இவ்வலிகளை வகைப்படுத்தினர். நரம்பு நோவை அவர்கள் இரண்டாகப் பிரித்தனர். காயம் பட்ட மட்டத்திலேயே, மார்பையோ இடுப்பையோ கச்சையால் இறுக்கினாற்போல் வருவது ஒன்று. சிலருக்கு அவ்விடத்தில் சட்டை உரசினாலும் தாங்காது. மட்டத்துக்குக் கீழே, உணர்வற்ற பகுதியில் எரிச்சலாக வருவது மற்றொன்று. இது பெரும்பாலும் மாதங்கள் கழித்தும், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். காயம் ஆறிவிட்டது, இனி என்ன புது வலி என்று வீட்டார் ஐயுறுவது இந்தத் தாமதத்தினால்தான். பல ஆராய்ச்சிகளை ஒன்றுகூட்டி 2017-ல் வெளியான கணக்கின்படி, தண்டுவடக் காயமுற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேரை நரம்பு நோவு பற்றுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நெடுநாள் ஒரே அளவில் இருந்த எரிச்சல் திடீரென்று கூடினால், நரம்பு நோவுதானே என்று இருந்துவிடலாகாது. உணர்வற்ற உடல் தன் துன்பத்தை நேரே சொல்ல இயலாமல் இவ்வழியே முறையிடக்கூடும். சிறுநீர்த் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், படுக்கைப் புண், தசைக்குள் வளர்ந்த கால் நகம் ஆகிய இவற்றுள் எதுவும் காரணமாகலாம். தண்டுவடத்தினுள் நீர் தேங்கிக் குழாய்போல் விரிவதும் உண்டு. கையில் புதிதாக உணர்வு குறைந்தாலோ வலு குன்றினாலோ மருத்துவரை உடனே காண வேண்டும். மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ காயமுற்றவருக்குத் தலை விண்விண்ணென்று இடித்து, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டினால் அது இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியதன் அடையாளம். அப்போது அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அழுத்தம் இறங்கவில்லையெனில் கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நரம்பு நோவைக் கண்டறிய இரத்தச் சோதனை எதுவும் இல்லை. மருத்துவருக்குப் பெருந்துணையாவது நோயாளியின் சொல்லே. மெல்சாக் வலியைக் குறிக்கும் சொற்களைத் திரட்டி, 1975-ல் 78 சொற்கள் அடங்கிய வினாத்தாள் ஒன்றை வகுத்தார். பிரான்சு நாட்டவர் 2005-ல் வெளியிட்ட சிறு வினாத்தாளும் இதே வழியைப் பின்பற்றுகிறது: எரிகிறதா, வலிக்கும்படி குளிர்கிறதா, மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கிறதா, ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா, மரத்துப்போகிறதா, அரிக்கிறதா என்று கேட்டு, பின்பு தோலைத் தொட்டுப் பார்த்து, பத்துக்கு நான்கு வந்தால் நரம்பு நோவு எனக் கருத இடமுண்டு என்கிறது.

தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் நமக்கு இதிலே ஒரு சங்கடம் இருக்கிறது. வலியைப் பிரித்துச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, சுளுக்கு, பிடிப்பு. நம் வீட்டுப் பாட்டியர் இவற்றை ஒன்றோடொன்று குழப்புவதில்லை. ஆனால் டில்லியிலோ மும்பையிலோ மருத்துவர் முன் அமர்ந்ததும் இவை யாவும் ‘தர்த்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. மருத்துவரும் பொதுவான வலி மாத்திரை ஒன்றை எழுதித் தருகிறார். ஆகவே, போகும்போதே மூன்று சொற்களைக் கைவசம் கொண்டு போவோம்: எரிச்சல் என்பதற்கு இந்தியில் ‘ஜலன்’, மரத்துப்போவதற்கு ‘சுன்ன்’, சுருசுருவென்று ஊர்வதற்கு ‘ஜன்ஜனாஹட்’. மின்சாரம் பாய்வதுபோல் என்று சொல்ல ‘கரண்ட்’ என்றாலே எவருக்கும் புரியும். இச்சொற்களுள் ஒன்று காதில் விழுந்தால் மருத்துவரின் எண்ணம் வேறு திசையில் திரும்பக்கூடும். எழுதித் தரும் மருந்தும் மாறக்கூடும்.

மாறத்தான் வேண்டும். தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் நாம் கடையில் வாங்கும் மாத்திரைகள் இந்நோவுக்குப் பெரும்பாலும் பயன் தருவதில்லை. அவற்றுட் சில, நாள்தோறும் உண்டால் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. தண்டுவடக் காயமுற்றவரின் சிறுநீரகமோ ஏற்கெனவே காக்கப்பட வேண்டிய நிலையில் உள்ளது. நரம்பு நோவுக்கு உதவுபவை, வலிப்பு நோய்க்கென ஆராய்ந்து கண்ட பிரகாபலின், கபாபென்டின் ஆகிய மருந்துகள். துடிக்கும் நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாயிலைப் பற்றி, அம்முனை வெளிவிடும் தூண்டுபொருளை இவை குறைக்கின்றன.

இது உண்மையில் பயன் தருகிறதா என்று எவ்வாறு தெரிந்துகொண்டனர்? ஆஸ்திரேலியாவில் தண்டுவடக் காயமுற்ற 137 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பிரகாபலின். மறு பிரிவுக்கு அதே தோற்றமுள்ள, மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிட்டதில், தொடக்கத்தில் இரு பிரிவினருக்கும் வலி ஏறத்தாழ ஆறரை. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின், மருந்து உண்டவர்களுக்கு 4.6, மற்றவர்களுக்கு 6.3. இம்முடிவு 2006-ல் வெளியாயிற்று. 220 பேரைக் கொண்டு பல நாடுகளில் நடந்த சோதனை ஒன்று 2013-ல் இதை உறுதி செய்தது.

ஆறரை நாலரையாவது பெரிதா என்று நேயர்கள் கேட்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறிதுதான். வலியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே நோயாளிகள் அதைப் பெரிய மாறுதலாக உணர்கின்றனர் என்பது வேறு பல சோதனைகளில் கண்ட உண்மை. இரவில் நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்க முடிவதற்கும் முடியாமற்போவதற்கும் இடையிலுள்ள தூரம் அது. ஆனால் இவ்வெண்கள் சராசரி என்பதையும் மறத்தலாகாது. சிலருக்கு இம்மருந்து நன்கு பயன்படும். சிலருக்குச் சிறிதும் பயன்படாது. முதலாவது மருந்து தோற்றதால் மருத்துவமே தோற்றதாகக் கொள்ள வேண்டியதில்லை.

இம்மருந்துகளால் தூக்கக் கலக்கமும் கிறுகிறுப்பும் கால் வீக்கமும் வரலாம், உடல் பருக்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். வலி விட்டுவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவதும், வலி தாங்கவில்லை என்று தாமே இரட்டிப்பாக்குவதும் ஆபத்து. ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம்மைப் போன்றோருக்கு மிக அவசியம். இரண்டு நாள் ரயில் பயணத்தின் நடுவே மருந்து கிடைப்பது எளிதன்று.

மனச்சோர்வுக்கென வந்த அமிட்ரிப்டிலின் என்னும் பழைய மருந்தும் கையாளப்படுகிறது. 2002-ல் நடந்த சோதனையில் அது வெறும் மாத்திரையை விடச் சிறந்ததாகத் தெரியவில்லை. 2007-ல் நடந்த மற்றொன்றில், மனச்சோர்வும் உடன் இருந்தவர்களுக்கு அது நற்பயன் அளித்தது. விலை மலிவு என்பது அதன் சிறப்பு. மலச்சிக்கலையும் சிறுநீர் தேங்குவதையும் அதிகமாக்கும் என்பது குறை. அபின் இனத்து மருந்துகளைக் கனடா நாட்டு வல்லுநர்கள் தங்கள் வழிகாட்டியில் பின்வரிசையிலேயே வைத்துள்ளனர். அவை குடலை மேலும் மந்தமாக்கும், பழக்கத்துக்கு அடிமையாக்கும், பிரகாபலினோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கக்கூடும்.

மருந்தின்றி வலியைத் தணிக்கும் முயற்சிகளுள் மிக விந்தையானது கண்ணை ஏமாற்றும் முறை. சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் ஆராய்ச்சி புரிந்த வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்கள் இல்லாத கையில் உணரும் வலிக்கு, 1990களில் ஒரு நிலைக்கண்ணாடியைப் பயன்படுத்தினார். இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரிய, மூளை அதைத் தன் கை என்று ஏற்றது. சிலருக்கு நோவு தணிந்தது. கால் இரண்டும் செயலிழந்தவருக்குக் காட்டுவதற்கு நல்ல கால் ஏது? 2007-ல் லொரிமர் மோஸ்லி என்பார், கண்ணாடியில் நோயாளியின் மேலுடலும் அதன் கீழே திரைப்படத்தில் வேறொருவரின் நடக்கும் கால்களும் இணைந்து தெரியுமாறு அமைத்து, தாமே நடப்பதுபோல் நோயாளிகளைக் காணச் செய்தார். பங்குகொண்டவர் ஐவரே, ஆயினும் வலி குறைந்தது. 2010-ல் பார்சிலோனா நகரத்தார், இக்காட்சியோடு தலைமீது மெல்லிய மின்னோட்டத்தையும் சேர்த்து, இரண்டு வாரம் பயிற்சி அளித்தனர். இரண்டும் சேர்ந்தபோது, தனித்தனியே அளித்ததைவிட மிகுந்த பயன் கிட்டியது. கனடா வழிகாட்டியில் இதற்கு மூன்றாம் வரிசையில் இடம் கொடுத்துள்ளனர். சோதனைகள் சிறியனவாதலால், இதைக் கேள்விப்பட்டவுடன் பணம் கட்டி ஓட வேண்டாம்.

பணம் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ஸ்டெம் செல் எனப்படும் மூல அணுக்களை ஊசியால் செலுத்தி, அறுந்த தண்டுவடத்தை வளரச் செய்வோம், வலியையும் போக்குவோம் என்று விளம்பரம் செய்யும் இடங்கள் பெருநகரங்களில் உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான அணு மாற்றம் தவிர, ஏனைய பயன் எல்லாம் அங்கீகாரம் பெற்ற சோதனையின் உள்ளேயே நடைபெற வேண்டும். நிலத்தை விற்று இவ்வூசியைத் தேடிப் போகுமுன், இது எந்த அங்கீகாரம் பெற்ற சோதனை, பதிவு எண் யாது என்று கேளுங்கள். அறுவை முறைகளுள், தண்டுவடத்தில் நரம்பு வேர்கள் நுழையும் இடத்தைச் சுட்டு அழிக்கும் முறை 1970களில் தோன்றியது. காயத்தின் மட்டத்திலுள்ள வலிக்கே அது பெரிதும் ஏற்றது. வேறெதற்கும் அடங்காத வலியோடு, தேர்ந்த மருத்துவமனையை அடைந்தவருக்கு மட்டும் உரியது.

மனப்பயிற்சியைப் பற்றிப் பேசினால், அப்படியானால் இது மனநோய்தானே என்று பழைய ஐயம் மீண்டும் தலைதூக்கும். அப்படியன்று. வாயிலைத் திறந்து மூடும் நரம்புகளுள் பல மூளையிலிருந்தே இறங்கி வருகின்றன. அச்சமும் தூக்கமின்மையும் தனிமையும் வாயிலைத் திறக்கின்றன. நெதர்லாந்து நாட்டில், நோயாளிகளையும் அவர்தம் துணைவரையும் சேர்த்து, வலியைப் பற்றிக் கற்பித்து, எண்ணப் பழக்கங்களை மாற்றப் பயிற்றியதில், வலியும் கவலையும் ஓரளவு குறைந்து, நோயாளிகள் வெளி நடமாட்டத்தில் மிகுதியாக ஈடுபட்டனர் என்று 2012-ல் அறிவித்தனர். துணைவரையும் சேர்த்தது கவனிக்கத்தக்கது. மனைவியோ தாயோ நம்பாத வலி இரட்டிப்பாகிறது.

இந்நோவை வருமுன் காக்க இயலுமா என்பது இன்று ஆராய்ச்சியாளர் முன்னுள்ள பெரிய வினா. காயமுற்ற முதல் மாதத்திலேயே, குளிர்ந்த பொருள் தோலில் படும்போது எரிச்சலோ கூச்சமோ உணர்ந்தவர்களுக்கு, ஓராண்டுக்குள் கீழ்மட்ட நோவு தோன்றும் வாய்ப்பு அதிகம் என்று டென்மார்க் நாட்டவர் 2014-ல் கண்டனர். யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்னறியலாம் என்று ஆயிற்று. தடுக்கும் மருந்து மட்டும் இன்னும் அகப்படவில்லை. கார்பமசெபின் என்னும் மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்துப் பார்த்தனர். முதல் மாதத்தில் நோவு குறைந்தது. மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மருந்து உண்டவருக்கும் உண்ணாதவருக்கும் வேறுபாடு இல்லை. எனினும், காயமுற்றவர் மருத்துவமனையில் படுத்திருக்கும் அந்த முதல் வாரங்களில், ஈரத்துணி பட்டால் எரிகிறது என்று அவர் சொன்னால், அதை அப்போதே மருத்துவரிடம் எடுத்துச் சொல்லி, நோய்க் குறிப்பில் எழுதச் செய்வது அருகிலிருக்கும் நம் கையில் உள்ளது.